பூட்டின் மேல் வைத்த கை

விக்கி,

இந்தக் கடிதத்தை நீ பெட்டி கட்டுவதற்கு முன்பே எழுதி, சட்டைகளுக்கு நடுவில் செருகி அனுப்பியிருக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க உனக்கு முழங்கால் பட்டை வாங்குவதும், பருப்புப் பொடி திரிப்பதும், கோழிக்கோட்டில் மழையா என்று போனில் பார்ப்பதுமாகவே போய்விட்டது. உட்கார்ந்து எழுத வாய்த்தபோது நீ அங்கே போய்ச் சேர்ந்து, மேடையையும் பார்த்துவிட்டு, "தரை நல்லா இருக்கும்மா" என்று செய்தியும் அனுப்பிவிட்டாய். பரவாயில்லை. எனக்கு எப்போதும் வண்டி நகர்ந்த பிறகுதான் சொல்ல வேண்டியது ஞாபகத்துக்கு வரும். இதை உங்கள் நடனக் குழுவின் இதழில் மற்றவர்களும் படிக்கும்படி போடலாமா என்று உங்கள் இயக்குநர் யமுனா அக்கா கேட்டார். உன்னைக் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டேன். என்னைக் கேட்காமல் நீ செய்த ஒரு காரியத்துக்கு இது ஈடாகட்டும்.

உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லிக்கொண்டு போனால் பொறுத்துக்கொள். படிக்கிறவர்களுக்கு நாம் யார் என்று தெரிய வேண்டாமா? நீ பிறந்தபோது எனக்கு இருபது வயது. கடைசிப் பரீட்சையை உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு எழுதினேன். இப்போதும் பாண்டி பஜாரில் உன்னோடு நடந்தால் அக்காவா என்று கேட்கிறார்கள். உனக்கு வெட்கம், எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அப்பாவுக்குத் தி.நகரில் மேட்சிங் சென்டர். புடவையைக் கொண்டுவந்து காட்டினால் அதற்குப் பொருந்தும் ரவிக்கைத் துணியும் லைனிங்கும் எடுத்துக் கொடுக்கிற கடை. அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எத்தனையோ வருஷம் ஆகியும், ஒரு விஷயம் மனதைத் தொட்டால் பேச்சு மட்டும் ரயிலேறி ஊருக்குப் போய்விடும். நீ பி.காம். முடித்துவிட்டு, சமகால நடன நாடகக் குழுவில் சேரப் போகிறேன் என்று சொன்ன அன்று அப்படித்தான் போனது.

"நாட்டிய நாடகமாடே? நீ யாரு, ராமரா லெச்சுமணரா?" என்று கேட்டார். ராமாயணம் இல்லை, சும்மா நம்மைப் போன்ற மனிதர்கள்தான் என்று நீ சொன்னாய். கதை உண்டா என்றார். உண்டு, ஆனால் வாயால் சொல்ல மாட்டோம், முதல் மேடை அடையாறில் என்றாய். அப்பா தட்டில் இருந்த அப்பளத்தை மெதுவாக நொறுக்கினார். அப்புறம் சொன்னதை நான் வார்த்தை மாறாமல் வைத்திருக்கிறேன். "அடையாறு மேடைய நான் வந்து பாக்குதேன். அது நின்னுட்டுன்னா நீ உன் வழியில போ, ஊர் ஊராப் போ, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நிக்கலன்னா ஆடித் தள்ளுபடிக்குக் கடையில வந்து உக்காரணும். அப்பவும் நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்." நியாயமான பேச்சுதான். அதனாலேயே எனக்குப் பயம் கூடியது. கோபத்தில் சொன்னதென்றால் நான் பேசிச் சரிசெய்திருப்பேன்.

நான் ஒத்திகைக்கு வந்தது கலையைப் பார்க்க இல்லை என்பது உனக்குத் தெரியும். ஏணியின் மேலேறிப் பின்பக்கமாக விழுகிறோம், கீழே இருப்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள் என்று நீ விளையாட்டாகச் சொன்னாய். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே ராஜா அண்ணாமலைபுரத்தில் அந்தப் பழைய வீட்டின் மாடி ஹாலைத் தேடிப்பிடித்து, தரை சிமெண்டா மரமா என்று பார்க்கத்தான் வந்தேன். மரம். கொஞ்சம் மூச்சு வந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரப் போனபோது யமுனா அக்கா பக்கத்தில் வந்தார். பிள்ளைகளுக்கு இயக்குநர் என்றால் ஒரு அதட்டலாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவர் பேசுவது பக்கத்து வீட்டில் தயிர் கேட்பதுபோல இருந்தது. "விக்கி அம்மா, இங்க சும்மா உட்கார்ந்து பார்க்கிற சேர் கிடையாது. உங்களுக்கு என்ன தெரியும்னு சொல்லுங்க, அந்த வேலைய எடுத்துக்கங்க" என்றார். துணி தெரியும் என்றேன். ஆடுகிற ஏழு பேருக்கும் உடுப்பு என் பொறுப்பாயிற்று. நீ மூலையில் தலையைக் குனிந்துகொண்டாய். அம்மா ஒத்திகைக்கு வந்து உட்காருவதே கஷ்டம்; இவள் வேலையிலும் சேர்ந்துவிட்டாளே என்று நினைத்திருப்பாய்.

அப்படிச் சேர்ந்ததால்தான், ஒரு படைப்பு ஒன்றுமில்லாத இடத்திலிருந்து எப்படி எழுந்து நிற்கிறது என்று முதலிலிருந்து பார்க்கக் கிடைத்தது. கல்லூரியில் மூன்று வருஷம் படித்ததைவிட அந்த ஹாலில் நான் கூர்ந்து படித்தேன். முதலில் பாட்டு வரும், அதற்கு அசைவு சொல்லித்தருவார்கள் என்று எதிர்பார்த்தேன். பாட்டும் வரவில்லை, படைப்புக்குப் பெயரும் இல்லை. யமுனா அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார்: உங்கள் வீட்டில் ஒருவர் வெளியே கிளம்பும்போது செய்கிற ஒரு காரியத்தைக் கொண்டுவாருங்கள். சாந்தோமிலிருந்து வருகிற ஜெனிஃபர், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற தன் அப்பாவைக் கொண்டுவந்தாள். அவர் வாசலில் சிலுவைக்குறி போட்டுவிட்டு, சட்டைப்பையில், கால்சட்டைப்பையில் எல்லாம் கண்ணாடியைத் தடவித் தேடுவாராம். கண்ணாடி மூக்கில் இருக்கும். முதல் நாள் நிஜக் கண்ணாடியோடு செய்தாள். அடுத்த நாள் கண்ணாடியை வாங்கி வைத்துவிட்டார்கள். அதற்கடுத்து முகத்தில் எதையும் காட்டாமல் செய்யச் சொன்னார்கள். பிறகு வேகத்தைக் குறைத்தார்கள். கடைசியில் அதை அவளிடமிருந்து வாங்கி இன்னொருவன் உடம்புக்குக் கொடுத்தார்கள். அவன் செய்தபோது அங்கே ஜெனிஃபரின் அப்பா இல்லை. ஆனால் எதையோ இழந்துவிட்டுத் தேடுகிற ஒரு மனிதன் இருந்தான்.  யமுனா அக்கா சொன்னார், பொருளை எடுத்துட்டா எது மிஞ்சுதோ அதுதான் நமக்கு வேணும் என்று. நான் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு அதைக் கேட்டேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். கடையில் சரக்கு வந்ததால் ஒரு வாரம் என்னால் வர முடியவில்லை. திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் துணிப்பைகளோடு படியேறினேன். உள்ளே ஒரே சிரிப்பு. நீங்கள் எல்லோரும் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, இல்லாத எதையோ கையால் இழுத்தீர்கள். திரும்பி நாலு எட்டு நடந்தீர்கள். நின்றீர்கள். மறுபடி ஓடிப்போய் இழுத்தீர்கள். மறுபடி நடை, மறுபடி ஓட்டம். ஜெனிஃபர் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, தோளில் இல்லாத கைப்பையை மேலே தள்ளித் தள்ளிச் செய்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு நானும் சிரித்தேன். கண்ணில் நீர் வருமளவுக்கு, அந்த அறையிலேயே அதிகமாகச் சிரித்தவள் நான்தான். யார் வீட்டு அம்மாவோ, பாவம் என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் உன் காலைப் பார்த்தேன். ஒரு காலில் செருப்பை முழுதாகவும் இன்னொரு காலில் பாதியாகவும் மாட்டிக்கொண்டு, குதிகாலைத் தூக்கி நின்றுகொண்டு நீ இழுத்தாய். சிரித்துக்கொண்டிருந்த வாயை நான் எப்படி மூடினேன் என்று எனக்கே தெரியாது.

நம் வீட்டு கிரில் கதவில் தொங்குகிற பூட்டை நான் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். ஒரு செருப்பைப் பாதி மாட்டிய காலோடு ஒருமுறை இழுத்துவிட்டுப் படியிறங்குவேன், திருப்பத்தில் நின்று திரும்ப ஏறுவேன், இழுப்பேன், மறுபடியும் இறங்கி ஏறுவேன். அடுக்ககத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கீழே அயர்ன் வண்டி போட்டிருக்கும் கோபால், பூட்டுச் சத்தம் மூன்றாவது தரம் கேட்ட பிறகுதான் நம் வீட்டுத் துணி மூட்டையைக் கையில் எடுத்து வைப்பான். நீ சின்னப் பையனாக இருந்தபோது நாம் திருச்செந்தூர் கிளம்பி, தாம்பரத்தில் நான் ரயிலைவிட்டு இறங்கியது நினைவிருக்கிறதா? அயர்ன் பாக்ஸை நிறுத்தினேனா இல்லையா என்று சந்தேகம். மின்சார ரயிலில் நீ அழுதுகொண்டே வந்தாய். வீட்டைத் திறந்து பார்த்தால் அயர்ன் பாக்ஸை நிறுத்தியிருந்தது மட்டுமல்ல, ஒயரைச் சுற்றி அலமாரியில் வைத்திருந்தேன். முருகன் நம்மைப் பார்க்காமலே அந்த வருஷம் போய்விட்டது என்று அப்பா இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார். வீட்டுக்குள் சொல்லிச் சிரிப்பது வேறு. முன்பின் தெரியாதவர்கள் சுவரைப் பார்த்து நின்று அதைச் செய்து சிரிப்பது வேறு.

அன்று இரண்டு பேரும் ஆட்டோவில் திரும்பினோம். வீட்டுக்கு வந்து, நீ தண்ணீர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, "அத எடுத்துடு" என்றேன்.

"அம்மா, அது கிண்டல் இல்லம்மா."

"எல்லாரும் சிரிச்சாங்களே."

"நீயும்தான சிரிச்ச."

 நீ சொன்னது சரி என்பதாலேயே கோபம் வந்தது. ஊர் முன்னால் என் பயத்தைக் கடைபரப்பத்தான் உன்னைப் பெற்றேனா என்று கேட்டேன்.  மறுநாள் யமுனா அக்காவிடம் போய், அதை விட்டுவிடுவோம் என்று சொல்லி, பதிலுக்கு அப்பா மீட்டர் கோலால் துணி அளந்து கிழிப்பதைக் கொண்டுபோனாய். நான் கேட்டதும் நீ விட்டுக்கொடுத்தாயே, அதை உன் நல்ல குணம் என்று நினைத்து அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நிம்மதி நீடிக்கவில்லை. துணி அளப்பது அழகாகத்தான் இருந்தது. நீ கையை வீசினால் இல்லாத துணி காற்றில் விரிவது தெரிந்தது. ஆனால் பார்த்து முடித்ததும் மறந்துபோனது. சுவரில் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, வரிசையை மாற்றி மாற்றிப் பார்ப்பார்களே, அதில் நடுவில் ஓரிடம் எதை வைத்தாலும் ஒட்டவில்லை. பூட்டு இருந்த இடம் அது. யமுனா அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. துணி அளக்கிற காட்சியை முதலில் வைத்துப் பார்த்தார், கடைசிக்கு மாற்றினார், பிறகு பாதியாகக் குறைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக நீ மேடையின் ஓரத்துக்குப் போய்விட்டாய். மற்றவர்கள் ஆடும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள் ஆனாய். அடையாறு மேடைக்கு அதிக நாள் இல்லை. அப்பா வந்து பார்க்கப் போவது ஏணி பிடிக்கிற உன்னைத்தான் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. நான் கேட்டது கிடைத்துவிட்டது; அது கிடைத்ததால் நீ தோற்றுக்கொண்டிருந்தாய்.

ஒரு காலை நீ முன்னால் போய்விட்டாய். நான் கிளம்பி, கதவைப் பூட்டி, முதல் தரம் இழுத்தேன், இறங்கினேன், ஏறினேன், இரண்டாம் தரம் இழுத்தேன். மூன்றாவதுக்கு ஏறி வந்தபோது, அந்த ஹாலில் கற்ற பாடம் என்னை அறியாமல் வேலை செய்தது. பொருளை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? பூட்டிலிருந்து கையை ஒரு விரல்கடை தள்ளி, காற்றில் அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் கவனித்தேன். மூன்றாவது தரம் நான் இழுப்பதே இல்லை. கையை வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறேன்; கையை எடுக்கும்போதுதான் பூட்டு கிரில்லில் தட்டிச் சத்தம் வருகிறது. இத்தனை வருஷமாக நிற்கிறேன். அந்த நேரத்தில் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாமல் இருந்தது. கீழேயிருந்து கோபால் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, கை மாட்டிக்கிச்சா? வரவா?" என்றான். ஒன்றும் இல்லை, ஒத்திகை என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அவன் அந்த வார்த்தையை நம்பவில்லை.

நேரே ஹாலுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, அதுவரை நான் மிதித்தே இராத அந்த மரத்தரையின் நடுவுக்கு வந்து, "அத திரும்ப வைங்க. ஆனா இவன் தப்பாப் பண்றான்" என்றேன். நீ ஏணியை விட்டுவிட்டுப் பார்த்தாய். யமுனா அக்கா மட்டும், எந்த இடத்தில் தப்பு என்று அமைதியாகக் கேட்டார். நான் உன்னைப் பார்த்துத்தான் சொன்னேன். "நீ படிக்கட்டுல நின்னு பாத்தத பண்றடா. கீழேர்ந்து பாத்தா என் முதுகுதான் தெரியும். மேல நின்னு பாரு." வெட்கத்தை எங்கே விட்டேனோ தெரியவில்லை, ஏழு பேர் முன்னால் செய்து காட்டினேன். ஒன்று, ஓட்டம், இரண்டு, ஓட்டம். அப்புறம் கையை வைத்து நின்றேன். நின்றபடியே வாய்விட்டுச் சொன்னேன். இப்போது நான் வீட்டுக்குள் இருக்கிறேன். அடுப்படிக்குப் போகிறேன், சிலிண்டர் மூடியிருக்கிறது. சாமி விளக்கு அணைந்திருக்கிறது. குளியலறையில் கீசர் சுவிட்ச், சரி. கூடத்தில் ஃபேன், சரி. கடைசியாக உன் அறை. ஜன்னல் கொக்கி போட்டிருக்கிறதா, போர்வை தரையில் கிடக்கிறதா, நீ ராத்திரி சரியாகத் தூங்கினாயா, ஏன் இப்போதெல்லாம் என்னிடம் பேசுவது குறைந்துவிட்டது. அந்த அறையிலிருந்து மட்டும் எனக்கு வெளியே வர நேரமாகும். வந்த பிறகுதான் கையை எடுப்பேன்.

ஏதாவது ஒரு சம்பவம் நடந்ததா, திருட்டு, விபத்து என்று ஜெனிஃபர் மெதுவாகக் கேட்டாள். ஒன்றுமே நடந்ததில்லை, சும்மாதான் என்றேன். அது உண்மை. பயப்படுவதற்கு ஒரு கதை வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். இருபது வயதில் ஒரு குழந்தையைக் கையில் கொடுத்து, இது உன் பொறுப்பு என்று சொன்னால் போதாதா? யமுனா அக்கா எழுந்து தரையின் நடுவுக்கு வந்தார். பிறகு உன்னைக் கூப்பிட்டு நான் நின்ற இடத்தில் நிறுத்தினார். "கை பூட்டுலயே இருக்கட்டும். மத்ததெல்லாம் வீட்டுக்குள்ள போகட்டும்" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

அதைச் செய்து பார்க்க நீ பட்ட பாட்டை நான் பார்த்தேன். காற்றில் ஓரிடத்தில் கை ஆணி அடித்ததுபோல நிற்க வேண்டும். உடம்பு மட்டும் அதைச் சுற்றி வளைந்து, குனிந்து, அடியில் நுழைந்து, ஒவ்வொரு அறையாகப் போய் வர வேண்டும். கை ஒரு அங்குலம் அசைந்தாலும் பூட்டு காணாமல் போய்விடும். உன் தோள்பட்டை வீங்கியது. எண்ணெய் தேய்க்க வந்தால் நீ கையைத் தரவில்லை, அப்புறம் தந்தாய். தேய்க்கும்போது, போர்வை ஞாபகம் எல்லாம் நிஜமா என்று கேட்டாய். நிஜம் என்றேன். அதற்கப்புறம் நீ பேச ஆரம்பித்தாய் பார், அன்று பேசியதை இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். அது இதழுக்கு இல்லை.

உடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஏழு பேருக்கும் ஒரே செம்மண் நிறம் வேண்டும் என்றார்கள். நான் நம் கடை வழக்கப்படி, துணியை வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் வைத்து, இழைக்கு இழை ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் தைக்கக் கொடுத்தேன். அரங்கத்தில் முதல்முறை விளக்கைப் போட்டபோது, வலப்பக்கம் நின்றவர்கள் கத்தரிக்காய் நிறத்திலும் இடப்பக்கம் நின்றவர்கள் காப்பித்தூள் நிறத்திலும் தெரிந்தார்கள். லைட் போடுகிற பாபு மேலேயிருந்து குரல் கொடுத்தான். "மேடம், வெயில்ல வச்சுப் பாத்தீங்களா? இங்க வெயிலு நாந்தான்." எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். மறுநாள் கடையிலிருந்து துணிக்கட்டுகளை மூட்டையாகக் கட்டி அரங்கத்துக்கே கொண்டுவந்தேன். ஒவ்வொருவரும் நிற்கும் இடத்தில் பாபுவை விளக்குப் போடச்சொல்லி, அந்த வெளிச்சத்தில் பார்த்து ஆளுக்கொரு துணி எடுத்தேன். வெளியே கொண்டுவந்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஏழு நிறம். மேடையில் நின்றால் ஒரே மண். என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சிறந்த மேட்சிங் அதுதான். அப்பாவே ஒத்துக்கொண்டார், அதுவும் கடைப் பையன்கள் முன்னால்.

அடையாறில் அந்த மாலை அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் வெள்ளைச் சட்டை போட்டு, கல்யாணத்துக்கு வந்தவர்போல விறைப்பாக இருந்தார். நீ வந்து முதல் தரம் இழுத்தாய். அரங்கத்தில் லேசான சிரிப்பு. இரண்டாவதுக்கு எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், சிரிக்கும்போதே சட்டென்று என் பக்கம் திரும்பினார். அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாம்போல இருந்தது. மூன்றாவது தரம் நீ கையை வைத்து நின்றாய். அதற்கும் சிரித்தார்கள். நீ எடுக்கவில்லை. சிரிப்பு மெலிந்தது. எனக்குப் பின்வரிசையில் ஒருவர் பாதியில் சிரிப்பை நிறுத்தியது எனக்குக் கேட்டது. உன் கை அங்கேயே நிற்க, நீ அடுப்படிக்குப் போனாய், விளக்கைப் பார்த்தாய், கூடத்துக்கு வந்தாய். ஒவ்வொருவராக வந்து காற்றில் உன் கைக்குப் பக்கத்தில் தங்கள் கையை வைத்தார்கள். ஏழு பேர், ஒரு பூட்டு, பூட்டே இல்லை. எல்லோரும் தங்கள் தங்கள் வீட்டுக்குள் போனார்கள். கடைசி அறையில் நீ குனிந்து தரையிலிருந்து எதையோ எடுத்து உதறி மடித்தாய். மற்றவர்களுக்கு அது என்னவென்று தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும், போர்வை. பிறகு கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. உன்னுடையது கடைசியில்.

ஒரு சத்தமும் இல்லை. நின்றுவிட்டதா, விழுந்துவிட்டதா என்று எனக்குப் புரியவில்லை. அந்த அமைதியில் ஒரு சின்ன சலசலப்பு கேட்டது. முன்வரிசையில் ஒரு அம்மாள் கைப்பையைத் திறந்து துழாவினாள். அவளுக்கு அப்பால் ஒருவர் கால்சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தார். எங்கேயோ சாவிக்கொத்து குலுங்கியது. விக்கி, நீ விளக்கு வெளிச்சத்தில் இருந்ததால் உனக்குத் தெரியாது, நான் பார்த்தேன். அரங்கம் பூராவும் ஆட்கள் தங்கள் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்பாவைப் பார்த்தேன். அவர் கை சட்டைப்பையின் மேல் இருந்தது. அப்புறம்தான் கைத்தட்டல் வந்தது. வந்தது ஓயவில்லை. ஆட்கள் எழுந்து நின்றார்கள். நான் உட்கார்ந்தபடியே தட்டினேன்.

வெளியே வந்ததும், எப்படி இருந்தது என்று அப்பாவை நான் கேட்கவில்லை. அவரே ஆரம்பித்தார். "கடைச் சாவி இருக்கான்னு தொட்டுப் பாத்துக்கிட்டேன்" என்றார், ஏதோ குற்றம் செய்தவர்போல. கொஞ்ச தூரம் நடந்து, கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் நின்று, வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ மேல நிக்கையில நான் கீழ நின்னு வா வான்னு கத்திருக்கேன். உள்ள இம்புட்டு நடக்குன்னு எனக்கு எப்படிட்டி தெரியும்?" அப்புறம், "பய போயிட்டு வரட்டும்" என்றார். உன்னிடம் அவர் கைகொடுத்தது மட்டும்தான் உனக்குத் தெரியும். இதையும் தெரிந்துகொள்.

புத்தி சொல்லாமல் கடிதத்தை முடித்தால் அது என் கடிதம் இல்லை. ஈர உடுப்போடு உட்காராதே. விழுவதற்கு முன் கீழே இருப்பவர்களின் கண்ணைப் பார்; அவசரம் என்றாலும் பார். நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வருவாள், அவள் செய்வதில் ஏதாவது ஒன்று உனக்குச் சிரிப்பாக இருக்கும். சிரி, தப்பில்லை, நானே சிரித்தேனே. சிரித்துவிட்டுப் படியேறிப் போய் அவள் பக்கத்தில் நின்று பார். ஒருவரிடமிருந்து எதையாவது எடுத்து மேடையில் வைப்பதானால் முதலில் அவரைக் கேள். கேட்டால் தரமாட்டார்கள் என்று நினைக்காதே. நீ எடுத்ததைவிட அதிகமாகவே தருவார்கள். அதே மாதிரி, யாராவது கோபத்தோடு எடுத்துவிடு என்றால் உடனே எடுத்துவிடாதே. அன்று நீ என்னோடு இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம். நான் தாங்கியிருப்பேன். அம்மாக்களுக்குப் பயம் அதிகம், பலமும் அதே அளவுக்கு உண்டு. இரண்டையும் ஒரே கையில்தான் வைத்திருக்கிறோம்.

இன்று காலையில் கடைக்குக் கிளம்பினேன். பூட்டினேன். இழுத்தேன், இறங்கினேன், ஏறினேன், இழுத்தேன். மறுபடி இறங்கும்போது திருப்பத்தில் கால் தானாக நின்றது. அங்கே நின்றபடியே ஒரு சுற்று போய் வந்தேன். சிலிண்டர், விளக்கு, கீசர், ஃபேன். உன் அறைக்கும் போனேன். போர்வை மடித்து வைத்தபடி இருந்தது. ஜன்னலை நானே திறந்து வைத்திருக்கிறேன், காற்று வரட்டும் என்று. திரும்பி ஏறாமல், மிச்சப் படிகளையும் இறங்கிவிட்டேன்.

கோபால் அயர்ன் பெட்டியைக் கையில் தூக்கியபடி நின்றிருந்தான். மேலே ஒருமுறை பார்த்தான், என்னைப் பார்த்தான். "இன்னாக்கா, ரெண்டு தபாதான் சத்தம் கேட்டுச்சு? மூணாவது எங்க?"

"அது சாயங்காலம், கோபாலு" என்றேன். "கோழிக்கோட்டுல. என் புள்ள வைப்பான்."

அன்புடன்,
அம்மா